மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு முதன்முதலாக நீங்களே கார் ஓட்டிப் போவதானால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, மதுரைக்குள் நன்றாக ஓட்டுகிறீர்கள், ஆனால் ஹைவேயில் தனியாக ஓட்டியதில்லை. திருநெல்வேலியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், காலை ஏழரைக்கு முகூர்த்தம். அப்பா, அம்மா, ஆறு வயது மகன் கூட வருகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம், வழியில் எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது என்னவோ நேரக் கணக்குதான். ஆனால் பெற்றவர்களையும் பிள்ளையையும் உட்காரவைத்துக்கொண்டு அந்த ரோட்டில் நான் ஓட்டலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் மதுரையில் பல வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டியவன். இப்போது டிரைவிங் ஸ்கூலில், லைசென்ஸ் எடுத்தும் ஹைவேக்குப் பயப்படுகிறவர்களை நால்வழிச்சாலைக்குக் கூட்டிப்போய்ப் பழக்குவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: ஓட்டலாம், தாராளமாக ஓட்டலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டாம். முந்தின நாளே போய்விடுங்கள்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற வீட்டில் முந்தின இரவு யாரும் ஒன்பது மணிக்குப் படுப்பதில்லை. புடவை எடுத்துவைத்து, பை கட்டி, பிள்ளையைத் தூங்கவைத்துப் படுக்கும்போது பதினொன்று ஆகிவிடும். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, உடம்பு தன் வழக்கத்தில் ஆழ்ந்து தூங்குகிற நேரத்தில் நீங்கள் ஸ்டியரிங் பிடிப்பீர்கள். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும், பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு வரைக்கும் மனித உடம்பு தானாகவே சோர்ந்துபோகும். இது பழக்கப்பட்ட டிரைவருக்கும் பொருந்தும். போதாததற்கு, சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த ஆம்னி பஸ்கள் அதே நேரத்தில்தான் மதுரையைத் தாண்டித் தெற்கே போகும். அந்த டிரைவர்களும் களைப்பின் உச்சத்தில் இருப்பார்கள். முதல் ஹைவே ஓட்டத்தை அந்தக் கூட்டத்தில், இருட்டில், முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தோடு வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை, அதாவது உங்கள் காரை அன்றைக்கு மட்டும் கூலிக்கு ஓட்டிக்கொடுப்பவரை, அமர்த்திக்கொள்ளுங்கள். மதுரையில் தாராளமாகக் கிடைப்பார்கள். திரும்பி வரும்போது பகலில் நீங்கள் ஓட்டலாம்.

முந்தின நாள் எப்போது கிளம்புவது? காலை ஆறு, ஆறரை மணியைச் சொல்வேன். வெளிச்சம் வந்திருக்கும், ஊர் விழித்திருக்காது, ஸ்கூல் வேன்கள் இன்னும் ரோட்டுக்கு வந்திருக்காது. இந்த ரோடு ஏறக்குறைய வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. அதனால் காலை வெயில் இடது பக்க ஜன்னலில் விழும், சாயங்கால வெயில் வலது பக்கம் விழும். கோயம்புத்தூர் ரோட்டில் மாலையில் போகிறவர்களைப் போல எதிர்வெயிலில் கண் கூசிக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. காலையில் முடியாது, ஆபீஸ் போய்விட்டு வந்துதான் கிளம்ப முடியும் என்றால் மூன்றரைக்குக் கிளம்பினாலும் பொழுது சாய்வதற்குள் திருநெல்வேலிக்கு முன்னால் உள்ள கயத்தாறு தாண்டிவிடலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

தூரம் சுமார் 160 கிலோமீட்டர். உங்கள் வீடு மதுரையில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஐந்தாறு கிலோமீட்டர் கூடும், குறையும். மொத்தமும் தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்கள் இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு என்பார்கள். வடக்கே ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரை போகிற அதே சாலைதான். போன் மேப் இரண்டரை மணி நேரம் என்று காட்டும். நீங்கள் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலிருந்து கப்பலூர் போய்ச் சேர அரை மணியிலிருந்து முக்கால் மணி. அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சற்று முன்னால் உள்ள தாழையூத்து வரை நிதானமாக ஓட்டினால் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு இடத்தில் இருபது இருபது நிமிஷம் நிறுத்தம். திருநெல்வேலிக்குள் நுழைந்து வீடு கண்டுபிடிக்க அரை மணி. இதில் நடுவில் உள்ள நால்வழிச்சாலை நேரம்தான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லக்கூடியது. இரண்டு முனையிலும் ஆகிற நேரம் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது, அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வேகத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று கூட வருகிறவர்கள் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள 135 கிலோமீட்டரை எண்பதில் ஓட்டினால் 101 நிமிஷம், நூறில் ஓட்டினால் 81 நிமிஷம். எங்கேயும் பிரேக் போடாமல் போனால்தான் அந்த இருபது நிமிஷம் கிடைக்கும். டோல்கேட், ஊர் முகப்பு, முன்னால் போகிற லாரி எல்லாம் கழித்தால் பத்து நிமிஷம்கூடத் தேறாது. அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை என்ன? எண்பதில் போகும்போது ஒரு வினாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்று, ஒன்றரை வினாடி ஆகும். அதன் பிறகு நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் இன்னும் 35 மீட்டர் போய் நிற்கும். ஆக மொத்தம் சுமார் 60 மீட்டர். நூறில் போனால் அதே கணக்கு 85, 90 மீட்டர் ஆகிவிடும். நடுவில் உள்ள அந்த 25, 30 மீட்டரில்தான் குறுக்கே வருகிற டிவிஎஸ் வண்டி நிற்கும். ஆகவே உங்கள் முதல் பயணத்துக்கு எண்பதுதான் வேகம். பலகையில் அதைவிடக் குறைத்துப் போட்டிருந்தால் பலகை சொல்வதுதான்.

மதுரையை விட்டு வெளியேறுவது தனி வேலை. மாட்டுத்தாவணி, கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வீடு என்றால் ஊருக்குள் வராதீர்கள். பாண்டி கோயில் பக்கம் ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர், மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வந்துவிடலாம். மேற்குப் பக்கம் இருப்பவர்கள் நாகமலை புதுக்கோட்டை வழியாக நால்வழிச்சாலையில் ஏறினால் நேரே கப்பலூர். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர் வழியாகப் போகிற பழைய ரோடு தூரத்தில் குறைவுதான். ஆனால் முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணக் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். உங்களுக்கு முகூர்த்தம் என்றால் அங்கேயும் முகூர்த்தம்தான், முந்தின நாள் சாயங்காலமே பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு என்று வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி நால்வழிச்சாலை. புதிதாக ஓட்டுகிறவர்கள் லாரியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். லாரிக்காரர் பெரும்பாலும் தன் வேகத்தில், தன் கோட்டில் போவார். இந்த ரோட்டில் உண்மையான ஆபத்து ரோட்டை நடுவில் பிரிக்கிற சென்டர் மீடியனில் விட்டிருக்கிற இடைவெளிகளில் இருக்கிறது. திருமங்கலம் தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் கிராமங்கள். வீடு ஒரு பக்கம், காடு கழனி மறு பக்கம். ஒரு நாளில் பல முறை அவர்கள் ரோட்டைக் கடந்தாக வேண்டும். நடுவில் அரளிச்செடி ஆளுயரம் வளர்ந்திருக்கும். இரவில் எதிர் வெளிச்சத்தை அது மறைக்கும், நல்லதுதான். ஆனால் பகலில் அந்த இடைவெளியில் நிற்கிற வண்டியையும் சேர்த்து மறைத்துவிடும். நீங்கள் வலது லேனில் எண்பதில் போய்க்கொண்டிருப்பீர்கள். அரளிக்கு நடுவிலிருந்து ஒரு டிவிஎஸ் வண்டியின் முன் சக்கரம் மட்டும் எட்டிப் பார்க்கும். பின்னால் புல்லுக்கட்டு, அதன் மேல் சாய்ந்தபடி ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். ஓட்டுகிறவர் உங்களைப் பார்ப்பது மாதிரியே இருக்கும், ஆனால் அவர் உங்களுக்குப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு சக்கரத்தைப் பார்த்தால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். முகத்தைப் பார்க்காதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். முகம் ஏமாற்றும், சக்கரம் ஏமாற்றாது. சக்கரம் உருள ஆரம்பித்தால் வண்டி வரப்போகிறது. அந்த நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே அதே வேகத்தில் போகாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் தயாராக வையுங்கள். அமுக்கக்கூட வேண்டாம், கால் அங்கே இருந்தாலே பாதி வினாடி மிச்சம். ஹாரன் சத்தத்தில் பதறிப்போய் பாதி ரோட்டில் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர் முன்னால் பாய்வாரா, பின்னால் போவாரா என்று ஊகித்து ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேர்கோட்டில் வேகத்தைக் குறையுங்கள், அவர் பார்த்துப் போய்விடுவார். இந்த ஒரு விஷயம் கைவந்துவிட்டால் இந்த ரோட்டுக்கு நீங்கள் பாதி தயார்.

இடைவெளிக்கு அடுத்தது எதிர்த்திசையில் வருகிறவர்கள். பெட்ரோல் பங்கிலிருந்தோ வயலிலிருந்தோ கிளம்பி, அடுத்த இடைவெளி வரை சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, நம் பக்கத்திலேயே ஓரமாக எதிரே வருவார்கள். அவர்கள் வருவது பெரும்பாலும் இடது ஓரத்தில். அதனால் இடது லேனின் ஓரக் கோட்டை ஒட்டி ஓட்டாமல் லேனின் நடுவில் ஓட்டுங்கள். அறுவடைக் காலத்தில் கரிசல் பக்கம் சோளமோ உளுந்தோ சர்வீஸ் ரோட்டிலும் ஓரத்திலும் காயப்போட்டிருப்பார்கள். சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். கல்லைக் கவனியுங்கள்.

நின்றுபோன லாரிகள்தான் இன்னொரு பெரிய அபாயம். ஆக்ஸில் ஒடிந்தோ டயர் வெடித்தோ நின்ற லாரி இடது லேனை அடைத்துக்கொண்டு நிற்கும். முறைப்படி பின்னால் முக்கோணப் பலகை வைக்க வேண்டும். பல லாரிக்காரர்கள் வைப்பது நாலு கல்லும் ஒடித்த வேப்பங்கொப்பும்தான். ஆகவே ரோட்டில் ஓரமாக இலைதழையோடு ஒரு கொப்பு கிடந்தால் காற்றில் விழுந்தது என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வண்டி நிற்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அங்கேயே லேன் மாறிவிடுங்கள். பகலில் கொப்பு தெரியும். இரவில் அதே கொப்பும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் வரும்போது நேரம் இருக்காது. இருட்டில் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குத் தூக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான்.

எந்த லேனில் போவது என்று பலரும் குழம்புகிறார்கள். விதி எளிது: இடது லேன் ஓட, வலது லேன் முந்த. நடைமுறையில் பாரம் ஏற்றிய லாரிகள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு நாற்பதில் நகரும். அப்போது இடது பக்கமாக முந்தத் தோன்றும். முதலில் ஒரு முறை ஹாரன், பகலானாலும் ஒரு முறை லைட்டை மின்னிக் காட்டுங்கள். பல லாரிக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்கள். விடாவிட்டால் இடது பக்கம் முழுக்கக் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நிதானமாகத் தாண்டுங்கள். லாரியின் பக்கத்தில் அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். முன்னால் போகிற வண்டியோடு மூன்று வினாடி இடைவெளி வையுங்கள். அது ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நீங்கள் அந்தக் கல்லைத் தாண்ட மூன்று வினாடி ஆக வேண்டும். மழையில் ஐந்து. அந்த இடைவெளியில் வேறு வண்டி வந்து நுழையும். நுழையட்டும், நீங்கள் மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்கள்.

நிறுத்தங்களுக்கு வருவோம். விருதுநகர் மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான், அங்கே உங்களுக்கு நிறுத்தத் தேவையிருக்காது. எண்ணெய் பரோட்டா ஆசை இருந்தால் அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டப் போகிறவர் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. முதல் நிறுத்தம் சாத்தூர் பக்கம். ஏறக்குறைய பாதி வழி. சீசனில் வெள்ளரிக்காய் கிடைக்கும், காராச்சேவு எப்போதும் கிடைக்கும். இரண்டாவது நிறுத்தம் கோவில்பட்டி. கல்யாண வீட்டுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போகலாம், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. ஓட்டல் பெயர் கேட்டீர்கள், அதைத் தவிர்க்கிறேன். ரோட்டோர ஓட்டலில் மாஸ்டர் மாறினால் சாப்பாடும் மாறிவிடும். பொதுவாக, கூட்டம் இருக்கிற, குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிற, பெரிய பங்க்கை ஒட்டிய இடமாகப் பாருங்கள். அம்மா அப்பாவுக்குக் கழிப்பறைதான் சாப்பாட்டைவிட முக்கியம். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையைப் பயன்படுத்தத் தயங்காமல் கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் வேளை தவறாமல் சாப்பிட என்ன கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

கோவில்பட்டி தாண்டியதும் நிலம் வெறுமையாகிவிடும். கயத்தாறு பக்கம் இரண்டு பக்கமும் காற்றாலைகள் தெரியும். அத்தனை காற்றாலை நிற்கிறது என்றால் அங்கே காற்று எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கேயிருந்து பலமாக அடிக்கும். வலது பக்கம் போகிற பஸ்ஸின் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் சின்னக் கார் இடது பக்கமாக ஒரு உலுக்கு உலுக்கும். முதல் தடவை திடுக்கென்று இருக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தால் ஒன்றும் ஆகாது, எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பாமல் இறுக்கமாகப் பிடித்தாலே போதும். கயத்தாறில் ரோட்டோரமாகவே கட்டபொம்மன் நினைவிடம் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர். மகனுக்குக் காட்ட வேண்டும் என்றால் இரண்டாவது நிறுத்தத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடத்தில் வரும்போது பிள்ளைக்கு நினைவிருக்கும். அதற்கடுத்து கங்கைகொண்டான். அங்கே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மான் குறுக்கே வரலாம். ஒன்று ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள்.

இப்போது வண்டி. ஆறு மாத வண்டி என்கிறீர்கள், ஆனால் புது வண்டியா, பழைய வண்டி வாங்கி ஆறு மாதமா என்று சொல்லவில்லை. பழையது என்றால் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். டயரின் பூ, அதாவது ரோட்டைத் தொடுகிற பள்ளக் கோடுகள், நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ரப்பருக்கும் வயது உண்டு. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் இந்தக் கரிசல் வெயிலில் குடும்பத்தோடு அதில் போகச் சொல்லமாட்டேன். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருக்கும். பெரியவர்களும் பிள்ளையும் பைகளுமாக வண்டி நிறைந்து போகும்போது கூடுதலாக உள்ள அளவைப் பிடியுங்கள். காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். பஞ்சர் கடையிலேயே சொல்வார்கள். அது முழுத் தவறு. காற்று குறைந்தால் டயரின் பக்கம் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடக்கத்தில்தான் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வழியில் மூன்று டோல்கேட். திருமங்கலத்துக்கு முன்னால் கப்பலூர், சாத்தூருக்கு முன்னால் எட்டூர்வட்டம், கோவில்பட்டி தாண்டி சாலைப்புதூர். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்து ஏற்றிவிடுங்கள், டோல்கேட்டுக்கு வந்து நின்றுகொண்டு ஏற்றினால் உடனே ஏறாமல் போகலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அதே டோல்கேட்டைத் திரும்பத் தாண்டினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். நீங்கள் முந்தின நாள் காலை போய் மறுநாள் மத்தியானம் திரும்பினால் அந்த நேரம் தாண்டிவிடும். அந்தச் சில்லறைக்காக அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். டோல்கேட் வருஷ பாஸ் இந்த ஒரு பயணத்துக்குத் தேவையில்லை.

உள்ளே உட்காருகிறவர்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மகன் முன் சீட்டில், அப்பா மடியில் உட்காரக் கூடாது. மடியில் வைத்தால் பாதுகாப்பு என்று பெரியவர்களுக்குத் தோன்றும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று நின்றால் எந்தக் கையாலும் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிகிற வேகம் வேறு பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெல்ட் கழுத்தை உரசும், அதனால் பூஸ்டர் சீட் வைத்துப் பின் சீட்டில் உட்காரவையுங்கள். அம்மாவும் பின்னால் பெல்ட் போட வேண்டும். பின் சீட்டில் பெல்ட் போடாதவர் முன் சீட்டில் இருப்பவர் மேல்தான் வந்து விழுவார். சீட் கவர் போட்டபோது பின் பெல்ட்டின் பக்கிள் கவருக்கு அடியில் புதைந்திருக்கும், பல வண்டிகளில் அப்படித்தான். இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள். அப்புறம், உங்களுக்குச் சளி பிடித்து மாத்திரை போடுவதாக இருந்தால் கவனம். செட்டிரிசின், குளோர்பெனிரமைன் மாதிரி மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். ஓட்டும் நாளில் வேண்டாம். தூக்கம் தட்டினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் உதவாது. பங்க்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, அங்கேயே சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறீர்கள் என்றால் மழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் சென்டர் மீடியன் ஓரமாகத் தண்ணீர் தேங்கும். வலது லேனில் வேகமாகப் போய் அதில் ஏறினால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் வழுக்கும். மழையில் இடது லேன், அறுபதுக்கு உள்ளே. ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள், நீங்கள் லேன் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கு உரியது. வண்டி நின்றுவிட்டால் முடிந்தவரை ஓரமாக இறக்கி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

ஒரு ஏற்பாட்டை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, ஹைவேயில் ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விருதுநகர் வரை போய்த் திரும்புங்கள். அப்பா அம்மா வேண்டாம், பிள்ளை வேண்டாம். போக வர நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. டோல்கேட்டில் எந்த வரிசையில் நிற்பது, சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது எவ்வளவு வேகம் பிடிக்க வேண்டும், லாரியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் நான் எழுதிச் சொல்வதைவிட அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் கைக்கும் காலுக்கும் புரிந்துவிடும். திரும்பி வரும்போது தோள் வலித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை அன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஓட்டத்துக்குப் பிறகும் நெஞ்சு படபடக்கிறது, மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள், ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுங்கள்.

திருநெல்வேலிக்குள் நுழையும்போது வழி தவறுவது சுலபம். கல்யாண மண்டபம் திருநெல்வேலி ஜங்ஷன், டவுன் பக்கம் என்றால் தாழையூத்து வந்ததும் நால்வழிச்சாலையை விட்டு விலகித் தச்சநல்லூர் வழியாக உள்ளே போங்கள். பாளையங்கோட்டை பக்கம் என்றால் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே தொடர்ந்து, தூத்துக்குடி ரோடு குறுக்கிடும் கே.டி.சி. நகரில் இறங்குங்கள். மண்டபம் எந்தப் பக்கம் என்று கல்யாண வீட்டில் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் பதறி ரிவர்ஸ் எடுக்காதீர்கள். அடுத்த திருப்பம் வரை போய் வாருங்கள், ஐந்து நிமிஷம்தான் கூட ஆகும்.

திரும்புவதற்கு உங்கள் மனதில் என்ன நேரம் இருக்கிறது என்று எழுதவில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவதுதான் வழக்கம். ஆனால் முன்னால் சொன்ன தூக்க நேரம் சரியாக அப்போதுதான் வரும். காலைப் பலகாரம் முடித்துவிட்டு பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அல்லது மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மூன்றரைக்குக் கிளம்புங்கள். இரண்டுமே முடியாது என்றால் அன்றிரவும் தங்கிவிட்டு மறுநாள் காலை வாருங்கள், அல்வாவும் நிதானமாக வாங்கலாம். பழைய வண்டியாக இருந்தால் டயரில் உள்ள அந்த நாலு எண்ணை, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்துக்கும் எழுதி அனுப்புங்கள். எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.